சோற்றை நிறுத்தச் சொல்ல மாட்டேன்

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பென்ஷன் கிடையாது, பிரிவுபசார விழா நடக்கவில்லை, சந்தன மாலையும் போடவில்லை. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதின்மூன்று ஆண்டுகள் உணவியலாளராக இருந்தேன். ஒரு நாள் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். "இருந்த வேலையத் தொலைச்சிட்டு வந்திருக்கு" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். நான் ஓய்வு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி வேலைக்கு இனிப் போவதாக இல்லை. போகாமல் இருப்பதில் வருத்தமும் இல்லை.

இதை எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். போன மாதம் போனில் கூப்பிட்டாள். இப்போது நோயாளியின் உயரம், எடை, வயது, சர்க்கரை அளவு ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்தால் உணவு அட்டவணை தானாக அச்சாகி வருகிறதாம். எடை குறைக்க வருகிற எல்லோருக்கும் முதல் வரி ஒன்றே: அரிசி கூடாது. இரண்டாவது வரி, ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் விற்கும் புரத மாவு. அடியில் இவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"கேட்டுப் பாக்க நேரமே இல்லக்கா. ஆளு வந்து உக்காருறதுக்குள்ள பேப்பர் வந்துருது. நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

போனில் சொன்னது பாதிதான். மீதியை, இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லா இளையவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன். சுருக்கமான பதில் இது: நீங்கள் கேட்டு அறியாத ஆளுக்கு வந்த தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீளமான பதிலுக்கு நான் பஞ்சவர்ணத்தக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் இரண்டு சின்ன விஷயங்கள்.

முதலாவது, படிப்பு. மதுரையில் மனையியல் படித்தேன். அப்புறம் அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. வார்டிலிருந்து திரும்பி வரும் சாப்பாட்டுத் தட்டுகளை எடை போடுவதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. என்ன போனது, என்ன மிஞ்சித் திரும்பியது என்று குறிக்க வேண்டும். கோதுமை ரவைக் கஞ்சி பெரும்பாலும் போனபடியே திரும்பி வரும், மேலே ஆடை மட்டும் கட்டியிருக்கும். ஆனால் அட்டவணையில் 'வழங்கப்பட்டது' என்று இருக்கும். தட்டைப் பார்க்காமல் அட்டவணையை நம்பக் கூடாது என்று அங்கே கற்றேன். மற்றப் பாடங்களில் பாதி பரீட்சையோடு போயிற்று.

இரண்டாவது, எடை குறைக்க என்னிடம் வந்த ஒருவர், புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். சுற்றிலும் நெல் மூட்டை, காற்றெல்லாம் தவிட்டு வாசனை, அதற்கு நடுவே அரிசியை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். யாரோ ராத்திரி சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எத்தனை சப்பாத்தி என்று கேட்டேன். எட்டு. தொட்டுக்கொள்ளக் குருமா.

"சப்பாத்தி டயட்டுதானம்மா? அதுக்கு எதுக்குக் கணக்கு?" என்றார், கணக்கு எழுதுகிறவர்.

சோறு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்றதற்கு, இரண்டு கரண்டிக்கு மேல் வாழ்நாளில் போட்டுக்கொண்டதில்லை என்றார். அதுதான் விஷயம். சோற்றுக்கு நம் ஆட்களிடம் ஓர் அளவு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கையும் கண்ணும் வயிறும் பழகிய அளவு. டயட் என்று பெயர் வைத்து வருகிற சாமானுக்கு அந்த அளவு கிடையாது. அவருக்கு இரண்டு கரண்டிச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தேன், கூடவே நிறையக் காயும் பருப்பும். அடுத்த முறை பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் தலைமை டாக்டர் அறுவைச் சிகிச்சை நிபுணர். நல்ல டாக்டர். இதை நான் முதலிலேயே எழுதிவைக்கிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரை மட்டமாக நினைத்துவிடக் கூடாது. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மேசை மேல் பேனா, முத்திரை, கண்ணாடிப் பெட்டி மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். நோயாளி உள்ளே வந்தால் முதலில் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், அப்புறம் எடை எழுதிய சீட்டை, கடைசியாக முகத்தை. முகத்தைப் பார்க்கும்போது முடிவு ஏற்கெனவே எடுத்திருப்பார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பேனாவை எடுத்து மூடியைத் திருகிவிட்டு வரிசையில் திரும்ப வைத்தாரென்றால் பேச்சு முடிந்தது, நாம் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

வயிற்றுச் சுவர் பிரிந்து குடல் பிதுங்கும் கேஸ்களுக்கு அவரிடம் ஒரு விதி உண்டு. அவர் சொல்கிற எடைக்கு வந்தால்தான் ஆபரேஷன். அதற்குக் காரணம் இருந்தது. கனத்த வயிற்றில் வலை வைத்துத் தைத்தால் திரும்பப் பிரிந்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் ஆபரேஷனுக்கு முன் அரிசியை நிறுத்தி, காலையும் இரவும் புரத மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லும் தாள் ஒன்றை அவரே தயாரித்து வைத்திருந்தார். பலருக்கு அது பலித்தது. பலிக்காதவர்களைப் பற்றி அவரிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது: "சொன்னபடி இருந்திருக்க மாட்டாங்க."

பஞ்சவர்ணத்தக்காவைப் பற்றியும் அதையே சொன்னார்.

பஞ்சவர்ணத்தக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆத்தங்குடிப் பக்கம் ஊர். கல்யாணங்களுக்கும் வெளிநாட்டுக்கும் பலகாரம் செய்து அனுப்பும் ஓர் இடத்தில் தலைமைக் கை. தொப்புளுக்கு மேல் ஒரு பிதுக்கம், இருமினால் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். சேலைக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார். குடல் அதில் சிக்கி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிசியை நிறுத்தும் தாளோடு போனவர் மூன்றாம் மாதம் திரும்பி வந்தபோது எடை குறையவில்லை, கூடியிருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பேனாவைத் திருகி வைத்தார். ஆபரேஷன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. என் அறை வாசலில் நின்று, "ஒரு பருக்கை தொடல தாயி. மீனாச்சி மேல ஆணை. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாக" என்றார்.

உட்காரச் சொன்னேன்.

இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடை குறைக்க வந்தவரிடம் 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சாப்பிடுவதில்லை. சோறு மட்டும்தான் சாப்பாடு. மூன்று மணிக்கு வருகிற இடைப்பலகாரம் சாப்பாடு ஆகாது. விருந்தாளி வீட்டில் வற்புறுத்தி வைத்த பணியாரம் மரியாதை, அதுவும் சாப்பாடு ஆகாது. ஆகவே நான் வாயைப் பற்றிக் கேட்பதில்லை. காலையும் கையையும் பற்றிக் கேட்பேன். நேற்று எழுந்ததும் எங்கே போனீர்கள், அங்கே கையில் என்ன வைத்திருந்தீர்கள், அப்புறம் எங்கே. அந்த ஒரு நாளை அப்படியே அவரோடு நடந்து முடித்துவிட்டு, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை நடக்க வேண்டும். இரண்டாவது நடையில்தான் சங்கதி வரும்.

"எந்திரிச்சதும் எங்குட்டுப் போனீக அக்கா?"

மாட்டுக்கொட்டிலுக்கு. அப்புறம் சர்க்கரைக்கு மாத்திரை. அப்புறம் பஸ். அப்புறம் அடுப்படி. அங்கே கையில் என்ன? ஜல்லிக்கரண்டி. அப்புறம்? முறுக்கு.

"முறுக்கா?"

"பதம் பாக்கணும்ல. ஒவ்வொரு ஈடுக்கும் முதல் முறுக்க ஒடச்சு வாயில போட்டுத்தான் தட்டுல அள்ளச் சொல்லுவேன்."

"அதையும் நீங்கதான் தின்னீகளா?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது வேலை தாயி. திங்கிறதுல சேராது."

டாக்டரும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. ஆனால் பதம் பார்க்கிற முறுக்கு மட்டும் அந்த எடைக்குப் போதாது. அது முன்பும் இருந்ததுதானே. தாள் கொடுத்த பிறகு ஏன் கூடியது? அந்தக் கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பதில் கிடைக்காது. மறுநாள் காலை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வேலை செய்யும் இடத்துக்குப் போனேன்.

அது ஒரு பழைய பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு. தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், எண்ணெய்க்கு வழுக்காமல் இருக்க அதன் மேல் சாக்கு விரித்திருந்தார்கள். மூன்று இருப்புச்சட்டிகளில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி மெய்யம்மை ஆச்சி, கணக்கும் கைப்பேசியுமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க. ஆஸ்பத்திரிலேருந்து ஆளு பலகாரம் வாங்கத்தான் வருவாக. நீங்க நிறுத்த வந்திருக்கீக" என்றார். சிரிக்கவில்லை.

நான் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஈடு வெந்தது. அக்கா ஒரு முறுக்கை எடுத்து ஊதி, உடைத்து, சத்தத்தைக் கேட்டு, கடித்து, தலையை ஆட்டினார். அள்ளினார்கள். மிச்ச முறுக்கை அக்கா மென்று முடித்தார். அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பதம் பார்த்ததைத் தட்டில் திருப்பி வைக்கக் கூடாது, எச்சில். குப்பையில் போடவும் கூடாது, உணவு. அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. பார்த்தவர்தான் முடிக்க வேண்டும்.

பத்து மணியைத் தாண்டியதும் அக்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அடுப்பு வெக்கை என்று நினைத்தேன். ஆனால் ஜல்லிக்கரண்டி பிடித்த கை நடுங்கியது. கரண்டியை வைத்துவிட்டு, அதிரசத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார், அப்புறம் இன்னொன்று. சுவரைப் பிடித்துக்கொண்டார். காலடியில் ஒரு முழத் தூரத்தில் கொதிக்கும் எண்ணெய்.

நான் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பையில் சர்க்கரை பார்க்கும் கருவி எப்போதும் இருக்கும். விரலில் குத்திப் பார்த்தேன். அளவு மிகவும் கீழே இருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, அளவு ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது தினமும் வருமா என்று கேட்டேன்.

பக்கத்தில் மாவு பிசைந்த பெண், "தெனம் இந்த நேரத்துக்கு அக்காவுக்குச் சாமி வரும். அதிரசம் கேக்கும்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

காலையில் மாத்திரைக்குப் பின் என்ன சாப்பிட்டீர்கள் என்று இப்போது நேராகவே கேட்டேன். ஒன்றுமில்லை. முன்பெல்லாம் விடிந்ததும் பழைய சோறு. தாள் வந்த பிறகு அது நின்றது. மாவு? அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவிச்சுக்காதீக. நாலு நாள் குடிச்சேன். அந்த வெனிலா வாசம் மத்தியானம் வரைக்கும் நாக்குலேயே நிக்கிது. உப்பும் தெரியல, பாகும் தெரியல. ஒரு ஈடு அதிரசம் பூரா கல்லாப் போச்சு. ஆச்சி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பொறுக்கல. மாவ விட்டுட்டேன். ஆனா டாக்டர் சொன்னாகளேன்னு சோத்தத் தொடல."

பாருங்கள், எவ்வளவு ஒழுங்காக ஒரு தவறு கட்டப்பட்டிருக்கிறது. அக்கா போட்டுக்கொண்ட மாத்திரை கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. சோற்றைத் தாள் நிறுத்தியது. மாவை நாக்கு நிறுத்தியது. மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. பத்து மணிக்குச் சர்க்கரை விழுகிறது, நடுங்குகிறது, கைக்கு எட்டுவது அதிரசம். அதிரசத்தில் இருக்கும் எண்ணெய் வெல்லம் ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நடுக்கம் நிற்கும்வரை தின்றால் நாலைந்து போய்விடும். சோறு தின்னாததால் அக்காவுக்கு எடை கூடியது. கூடிய எடைக்காக ஆபரேஷன் மறுக்கப்பட்டது. கூடவே, ஒவ்வொரு நாளும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மயங்கி விழக் காத்திருந்தார்.

அன்று மதியமே டாக்டர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லும்வரை நிற்பதுதான் வழக்கம். அன்று நானாக உட்கார்ந்தேன்.

கேட்டார். முடிந்ததும், "உங்களை அங்கே போகச் சொன்னது யார்?" என்றார், மிக மெதுவாக.

"யாரும் சொல்லல சார். மாத்திரையைக் குறைக்கிறது என் வேலை இல்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். பழைய சோத்தத் திருப்பிக் குடுக்கிறது என் வேலை. அத நான் இன்னைக்கே சொல்லிட்டேன்."

மாத்திரை விஷயத்தில் அவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. சர்க்கரை டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். மாத்திரையை மாற்றி, நேரத்தை மாற்றி எழுதினார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். சோறு என்று வந்ததும்தான் பேனாவை எடுத்தார்.

"சோறு போட்டு எடை குறைச்சுக் காட்டுங்க, மீனா. மூணு மாசம். குறையலைன்னா?"

"குறையலைன்னா உங்க தாளை நானே என் கையால எழுதிக் குடுக்கிறேன். குறைஞ்சா ஆபரேஷன் தேதி குடுங்க."

பேனாவை வரிசையில் வைத்தார். நான் எழுந்து வந்தேன்.

செய்தவற்றில் புதுமை ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். காலையில் மாத்திரைக்கு முன்னால் பழைய சோறு ஒரு கிண்ணம், மோர், வெங்காயம், கூட ஓர் அவித்த முட்டை. மதியம் தட்டில் முதலில் காய், அடுத்தது மீனோ பருப்போ, கடைசியாகச் சோறு ஒன்றரைக் கரண்டி. இந்த வரிசை மாறக் கூடாது. பசியின் வேகத்தைக் காய் வாங்கிக்கொள்ளும். அடுப்படியில் நாள் முழுக்கச் சுற்றி வரும் டீயில் சர்க்கரை இல்லை. இதற்குத்தான் பெரிய சண்டை வந்தது. அக்காவுக்குச் சோறு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் பாதி டீயில் போய்விட்டது.

பதம் பார்க்கும் வழக்கத்தை ஆச்சிதான் அவிழ்த்தார். முறுக்கைக் கையால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியின் நுனியை மட்டும் கடித்துப் பார்ப்பது. வாய் படாத பாதி எச்சில் ஆகாது, அதை உடைசல் டப்பாவில் போட்டு மலிவாக விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கடித்த பாதி மாட்டுக்கு. அக்கா முதலில் ஒப்பவில்லை, சாமி குத்தம் என்றார். "குத்தம் வந்தா என் பேருல வரட்டும். உனக்கு வயித்தக் கிழிக்கணும்ல, மொதல்ல அதப் பாரு" என்றார் ஆச்சி. கொஞ்ச நாளில் உடைசல் பாக்கெட்டுக்கென்றே ஆள் வந்தார்கள்.

எடை உடனே இறங்கவில்லை. முதல் மாதம் நன்றாகக் குறைந்தது, இரண்டாம் மாதம் அப்படியே நின்றது. அது கல்யாண மாதம், ஆர்டர் குவிந்திருந்தது. டாக்டர் வராந்தாவில் என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் லேசாகப் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைவிட அவர் திட்டியிருக்கலாம். அக்காவுக்கும் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் வந்து, "மத்தியானச் சோத்த மட்டும் நிப்பாட்டிக்கிறேன் தாயி. சீக்கிரம் கொறஞ்சிரும்ல? உங்க பேரு கெட்டுறக் கூடாது" என்றார்.

என் பெயருக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம் என்றேன். நிற்கிற எடை நின்று யோசிக்கட்டும், நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலான உணவியலாளர்கள் விழுகிறார்கள். எடை நின்றதும் தட்டிலிருந்து எதையாவது எடுக்கத் தோன்றும். நான் எடுக்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏறுமுன் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொன்னேன். வயிறு வலித்தால் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் மாத முடிவில் தராசு டாக்டர் சொன்ன எண்ணைக் காட்டவில்லை. ஏறக்குறைய இரண்டு கிலோ மிச்சம் இருந்தது. சீட்டை அவர் முன் வைத்தேன். பார்த்தார்.

"வரலையே" என்றார்.

"எண்ணு வரல சார். ஆள் வந்திருக்காங்க. சர்க்கரை ரிப்போர்ட்டப் பாருங்க. இடுப்புச் சுத்தளவு பாருங்க. மாடியேறி வந்திருக்காங்க, மூச்சு வாங்கல. ரெண்டு மாசமா ஒரு தடவைகூட நடுக்கம் வரல. அந்த ரெண்டு கிலோவுக்காகத் திருப்பி அனுப்பினா, நடுவுல குடல் சிக்கிக்கிட்டா அந்தப் பொறுப்பு யாருது?"

அப்படிப் பேசியது எனக்கே புதிது. அவர் அன்று ஒரு காரியம் செய்தார். ரிப்போர்ட்டையும் சீட்டையும் ஒதுக்கிவிட்டு அக்காவைப் படுக்க வைத்து, வயிற்றைக் கையால் நெடுநேரம் சோதித்தார். எழுந்து கை கழுவிவிட்டுத் தேதி எழுதினார். ஆபரேஷன் நன்றாக நடந்தது.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். விஷயமும் அதோடு நின்றிருந்தால் நான் வேலையை விட்டிருக்க மாட்டேன்.

தையல் பிரித்து ஆறியதைப் பார்க்க அக்கா வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், காத்திருப்புக் கூடத்தில் புதிதாக ஓர் ஆளுயரப் பலகை வைத்தார்கள். ஒரு பக்கம் பருத்த பஞ்சவர்ணத்தக்கா, மறுபக்கம் இளைத்த பஞ்சவர்ணத்தக்கா. நடுவில் புரத மாவு டப்பா. 'அரிசி வேண்டாம், ஆரோக்கியம் வேண்டும்' என்று மேலே. கீழே உணவு ஆலோசனை என்று போட்டு என் பெயர்.

ஆபரேஷனுக்கு முன் நீட்டிய காகிதங்களில் படத்துக்கான சம்மதமும் ஒன்று என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். டாக்டரிடம் போனேன். விளம்பரத்தை அவர் பார்க்கவில்லையாம், அது வேறு பிரிவாம். "நாலு பேர் வந்தா நல்லதுதானே மீனா. வந்தவங்களுக்கு நீங்க உங்க இஷ்டப்படி சோறு குடுங்க, யார் தடுத்தா?" என்றார். பேனா பக்கம் கை போயிற்று.

என் பெயர் இருக்கும் பலகையில் பொய் இருக்கிறது, ஒன்று பொய்யை எடுங்கள் அல்லது பெயரை எடுங்கள் என்றேன். பேனாவை வரிசையில் வைத்தார். அன்று சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து விலகல் கடிதத்தை அடித்தேன். நாலு வரி. மறுநாள் காலை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வாக்கில் வரவேற்பறைப் பெண் ஓடி வந்தாள். "மேடம், உங்க பேஷன்ட் கூடத்துல சாப்பாட்டத் தொறந்து வச்சு உக்காந்திருக்காங்க. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

போனேன். பலகைக்கு நேர்கீழே, தன் இரண்டு படங்களுக்கும் அடியில், பஞ்சவர்ணத்தக்கா அடுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தார். கூடம் முழுக்க மீன் குழம்பு வாசனை. முதல் அடுக்கில் பீர்க்கங்காய்க் கூட்டு. அதை முடித்திருந்தார். மீனும் முடிந்திருந்தது. சோற்றில் கை வைத்திருந்தார்.

"இங்க சாப்பிடக் கூடாதும்மா" என்றாள் வரவேற்பறைப் பெண், மறுபடியும்.

"மாத்திர போட்டாச்சு, நேரமாச்சு. டாக்டர் வர லேட்டாகும்னு நீதானே சொன்னே. மாத்திர போட்டா நேரத்துக்குச் சோறு திங்கணும்னு இந்தத் தாயிதான் சொல்லியிருக்கு" என்றார் அக்கா. அப்புறம் இடது கையை உயர்த்தி, திரும்பிப் பார்க்காமலே பலகையைக் காட்டினார். "இந்த டப்பாவ நான் நாலு நாள்தான் குடிச்சேன். என் நாக்கு கெட்டுச்சு. எளச்சது இதத் தின்னு."

இதை என்றால் எதை என்று எல்லோருக்கும் தெரிந்தது. உருண்டை கையில் இருந்தது.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் கையில் வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தன கரண்டி போட்டுக்கிறீக?"

"ஒன்னரை. ஆனா அது எனக்கு. உங்களுக்கு எவ்வளவுன்னு அதுகிட்டக் கேளுங்க" என்று அக்கா என்னைக் காட்டினார்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலையில் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"நேத்து எந்திரிச்சதும் எங்குட்டுப் போனீக?" என்று ஆரம்பித்தேன்.